கண்ணாடி பார்க்கும் ஐரிஷ் பெண்: கூர்பே வரைந்த ஜோவிடம் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: சென்னிமலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் ஜவுளி வடிவமைப்பு படிக்கிறேன். வீடு சென்னிமலையில், அப்பா போர்வைத் தறி ஓட்டுகிறார். யதார்த்தவாத ஓவியங்களில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு வகுப்பில் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் கல்லுடைப்பவர்கள், கதிர் பொறுக்கும் பெண்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே 1865-66இல் வரைந்த 'ஜோ, அழகிய ஐரிஷ் பெண்' படத்தை எடுத்திருக்கிறேன்.

படத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மார்பளவில் ஓர் இளம்பெண். வெள்ளைச் சட்டை. ஒரு கையில் சின்னக் கண்ணாடி, இன்னொரு கை அவிழ்ந்து கிடக்கும் செம்பட்டை முடிக்குள் நுழைந்திருக்கிறது. அவள் நம்மைப் பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. ஆனால் கைப்பேசியில் இந்தப் படத்தைத் திறந்தால் எனக்கு மூட மனம் வருவதில்லை. அமுச்சியிடம் (அம்மாவின் அம்மா) காட்டினேன். "வெளக்கு வைக்கிற நேரத்துல தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு என்ன யோசன இவளுக்கு?" என்றார். அவருக்கும் கண்ணை எடுக்க முடியவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஆசிரியர் கேட்டது இது: "அழகான பெண் கண்ணாடி பார்க்கிறாள். இதில் யதார்த்தம் எங்கே இருக்கிறது?" பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கோபி, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்

உங்கள் ஆசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. கூர்பே என்றதும் என் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது 1849இல் அவர் வரைந்த 'கல்லுடைப்பவர்கள்'. அடுத்தது மூன்று மீட்டருக்கு மேல் உயரமும் ஆறரை மீட்டர் அகலமும் கொண்ட 'ஓர்னானில் ஒரு சவ அடக்கம்'. அரசர்களுக்கும் புராண வீரர்களுக்கும் ஒதுக்கி வைத்திருந்த அளவில் தன் ஊர்ச் சனங்களை வரைந்த மனிதர் அவர். 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் தன் பெரிய படங்களைச் சேர்க்க மறுத்ததும், பக்கத்திலேயே தனிக் கூடாரம் அமைத்து 'யதார்த்தவாதம்' என்று பெயரிட்டு மக்களுக்குக் காட்டினார்.

அந்த வரிசையில் ஜோவை வைக்க எனக்கு மனம் வரவில்லை. கூந்தல்மீது ஓர் ஆணுக்கு இருந்த மோகம் இந்தப் படத்தில் தெரிகிறது, தேர்ந்த கை என்பதால் நன்றாகவே தெரிகிறது. அதே 1866இல் ஒட்டோமான் அரசின் தூதராக முன்பு இருந்த காலில் பே என்ற செல்வந்தருக்காகக் கூர்பே 'உறங்கும் பெண்கள்' என்ற படத்தையும் வரைந்தார். அதிலிருக்கும் இருவரில் ஒருத்தி ஜோ என்று பலரும் கருதுகிறார்கள். வகுப்பில் பேசுவதற்கு, 'கதிர் பொறுக்கும் பெண்கள்' வரைந்த மில்லேயின் படம் எதையாவது எடுத்துக்கொண்டால் உங்களுக்குச் சிரமம் குறையும்.

பதில்: திருப்பூர், சாயப்பட்டறை ஆய்வகம்

கண்ணு, படத்தை மாற்றாதே. ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் ஷேட் பார்ப்பது என் வேலை. வெளிநாட்டு வாங்குநர் ஒரு துண்டுத் துணியை அனுப்புவார். அதே நிறத்தை எங்கள் பின்னலாடைத் துணியில் கொண்டுவந்து, லேப் டிப் (சிறு துண்டில் சாய மாதிரி) போட்டு, லைட் பாக்ஸ் என்ற சீரான வெளிச்சமுள்ள பெட்டியில் வைத்துப் பார்த்து, ஒப்புதல் வாங்க வேண்டும். 2019இல் சில நிறங்களை நேரில் பேசி முடிப்பதற்காக என்னை ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பினார்கள். வேலை முடிந்த மறுநாள் அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். பல ஆண்டுகள் பழுதுபார்த்து முந்தைய ஆண்டுதான் மறுபடியும் திறந்திருந்தார்கள். ஓவியம் பற்றி ஒன்றும் படிக்காமல்தான் போனேன். ஜோ முன்னால் நின்ற பிறகுதான் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் முடியைச் சொல்கிறேன், என் கண் முதலில் போனது அங்கேதான். அதைச் 'சிவப்பு' என்று எழுதிக் கொடுத்தால் எங்கள் ஆய்வகத்தில் யாராலும் சாயம் கலக்க முடியாது. துணியில் துரு நிறம் கொண்டுவர மஞ்சளும் சிவப்பும் போடுவோம், கூடவே மிகக் கொஞ்சமாக நேவி புளூ. அந்தத் துளி நீலம் இல்லாவிட்டால் பளீரென்ற ஆரஞ்சு வந்துவிடும், கூடினால் நிறம் செத்துவிடும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தத் துளியின் அளவு பிடிபடவே மாதக்கணக்காகிறது. கூர்பேவுக்கு அந்த அளவு தெரிந்திருக்கிறது. கருமையான அடித்தளத்தில் தொடங்கி, மேலே மேலே வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டு போவது அவருடைய வழக்கம். அதனால் ஜோவின் கூந்தலில் உள்மடிப்புகள் கிட்டத்தட்ட கறுப்பாகவே இருக்கின்றன. அடுத்த அடுக்கு கரும்பழுப்பு. விரல்கள் தூக்கிப் பிடித்திருக்கும் இடத்தில் செம்பு. பிரிந்து நிற்கும் ஓரத்து இழைகளில் மட்டும் பொன். வெளிச்சம் இருட்டுக்குள்ளிருந்து வெளியே வருவதால் அந்தக் கூந்தலுக்குக் கனம் இருக்கிறது. அவள் கை அதைத் தாங்குகிறது என்று பார்க்கும்போதே தெரிகிறது.

படத்தின் வடிவத்தையும் பார். மார்பளவு உருவத்தை உயரவாக்கில் வரைவதுதான் வழக்கம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜோ படம் 66 சென்டிமீட்டர் அகலம், 56 சென்டிமீட்டர்கூட இல்லாத உயரம். அகலவாக்கில் எடுத்ததால் முகத்துக்குக் கிடைக்கும் இடத்தைவிடக் கூந்தலுக்கும் மடங்கிய கைக்கும் அதிக இடம் கிடைத்திருக்கிறது. அவள் சட்டத்துக்குள் நெருக்கமாக, நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறாள். இருந்தும் நம்மைக் கண்டுகொள்ளவில்லை.

இப்போது முகம். ஐயா மோகம் என்றார். வரைந்தவருக்கு மோகம் இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. வரையப்பட்டவள் முகத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான் நான் அந்தக் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன்னை ரசிக்கவில்லை, வருத்தப்படவும் இல்லை. சோதிக்கிறாள். லைட் பாக்ஸின் முன்னால் நின்று, வாங்குநர் அனுப்பிய துண்டையும் எங்கள் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இது சரியா, ஒரு நூல் மஞ்சள் கூடியிருக்கிறதா என்று பார்க்கும்போது எங்கள் பெண்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது அந்த முகம். இமை சற்றுத் தாழ்ந்து, உதடு மூடி, புருவத்தில் லேசான கவனம். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் காதில் விழாது. ஒரு பெண் வேலையில் மூழ்கியிருக்கும்போது வரும் அந்த முகத்தைப் படங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை. கல்யாண ஆல்பங்களில் இல்லை, காலண்டர்களில் இல்லை, துணிக்கடை விளம்பரங்களில் இல்லவே இல்லை.

உன் ஆசிரியருக்கு இதைச் சொல். கண்ணாடி பிடித்த பெண் ஐரோப்பிய ஓவியத்தில் பழைய விஷயம். பெரும்பாலும் அவள் வீனஸாக இருப்பாள், அல்லது தற்பெருமையின் உருவமாக இருப்பாள். வெலாஸ்கெஸ் வரைந்த வீனஸுக்குக் கண்ணாடி பிடிக்கச் சிறகு முளைத்த குழந்தை மன்மதன் ஒருவன் உண்டு. கூர்பேவிடம் மன்மதனும் இல்லை, பூவும் இல்லை, தத்துவமும் இல்லை. பெண்ணின் கண்ணாடியைப் பெண்ணே பிடித்திருக்கிறாள். தலைப்பில் அவளைக் கூப்பிடும் பெயரும் அவள் நாடும் இருக்கின்றன. கல்லுடைப்பவரைக் கல்லுடைப்பவராக வரைந்த அதே நேர்மைதான் இது, எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

பதில்: தாராபுரம், போட்டோ ஸ்டூடியோ

திருப்பூர் அம்மா சொன்ன கல்யாண ஆல்பத்தை ஒட்டி ஒரு விஷயம். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் ஸ்டூடியோவில் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. சீமந்தத்துக்கும் சடங்குக்கும் பூ ஜடை தைத்துக்கொண்டு வரும் பெண்களை அதன் முன் நிறுத்திப் படம் எடுப்போம். பெண் கேமராவைப் பார்த்து நிற்பாள், பின்னலும் பூவும் கண்ணாடியில் தெரியும். மல்லிகையும் தாழம்பூவும் கட்டிய ஜடைக்கு அவ்வளவு நேரமும் பணமும் செலவழித்த பிறகு அது படத்தில் விழாமல் போகக் கூடாது அல்லவா? வெளிச்சத்தைக் கண்ணாடியில் அடிக்காமல் திருப்புவதுதான் அதில் பெரிய வித்தை. பல்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மேலே வெள்ளை வேட்டி கட்டி எடுத்திருக்கிறோம்.

அதனால் இந்தப் படத்தைப் பார்த்ததும் நான் தேடியது கண்ணாடிக்குள் என்ன தெரிகிறது என்பதைத்தான். ஒன்றும் தெரியவில்லை! பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. எங்கள் தொழிலில் இப்படி எடுத்துக் கொடுத்தால் வீட்டார் காசு கொடுக்க மாட்டார்கள். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று தெரிந்தால் சொல்லுங்கள். அம்மிணி, நீ கொடுத்து வைத்தவள், நல்ல படமாகப் பிடித்திருக்கிறாய்.

பதில்: சென்னிமலை மாணவி

எல்லாருக்கும் மிக்க நன்றி. படத்தை மாற்றவில்லை. அக்கா, இன்னும் இரண்டு கேள்விகள். ஜோ யார்? இணையத்தில் தேடினால் "இன்னாருடைய காதலி" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. இரண்டாவது, இந்தப் படத்தில் நான்கு இருக்கின்றனவாமே, ஏன்? பேசும்போது ஒரு பகுதியை வரைந்தும் காட்ட வேண்டும். முடியை வரையலாம் என்று இருக்கிறேன்.

பதில்: திருப்பூர், சாயப்பட்டறை ஆய்வகம்

முதலில் தாராபுரம் அண்ணனின் கேள்வி. இதே ஜோவை வேறொருவர் கண்ணாடியோடு வரைந்திருக்கிறார். லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர். 1864இல் அவர் வரைந்த 'வெண்ணிறச் சிம்பொனி, எண் 2' லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளை உடையில் ஜோ கணப்படுப்பின் மேல்பலகையில் கையை நீட்டிச் சாய்ந்து நிற்கிறாள். பின்னால் உள்ள கண்ணாடியில் அவள் முகம் தெரிகிறது. நேரில் தெரியும் முகத்தைவிடக் கண்ணாடி முகம் சோர்ந்து, வயது கூடியதாக இருக்கிறது. அண்ணன் எடுத்த சீமந்தப் படங்களைப் போல அங்கேயும் கண்ணாடி நமக்காக வைக்கப்பட்டது. அவள் மனதில் இருப்பதை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

அடுத்த ஆண்டு கூர்பே அதே பெண்ணின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, அதை நமக்குத் தெரியாமல் திருப்பிவிட்டார். அவள் பார்ப்பது அவளுக்கு மட்டும். நாம் எவ்வளவு நேரம் நின்றாலும் அவள் கண்டது நமக்குக் கிடைக்காது, அதனால்தான் நகர முடிவதில்லை. உன் அமுச்சி "என்ன யோசனை இவளுக்கு?" என்று கேட்டார் அல்லவா, படம் அவரைக் கேட்க வைத்த கேள்விதான் அது. கோபி ஐயா சொன்ன மோகத்துக்கும் என் பதில் இதுதான். மோகம் மட்டும் இருந்திருந்தால் அந்த முகத்தை நம் பக்கம் திருப்பியிருப்பார்.

ஜோ யார் என்பது எனக்குப் பிடித்த கேள்வி. ஜொவான்னா ஹிஃபர்னன். அயர்லாந்தில் பிறந்து லண்டனில் வளர்ந்த ஏழைக் குடும்பத்துப் பெண். 1860 வாக்கில் விஸ்லரைச் சந்தித்தாள். அவர் 1862இல் வரைந்த 'வெள்ளைப் பெண்' படத்தில் ஓநாய்த் தோல்மேல் நிற்பவளும் இவள்தான். அந்தப் படத்தை லண்டனிலும் ஏற்கவில்லை, பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோனிலும் ஏற்கவில்லை. 1863இல் நிராகரிக்கப்பட்டவர்களின் கண்காட்சியில் வைத்தபோது பாரிஸே அதைப் பற்றிப் பேசியது. விஸ்லரோடு ஒரே வீட்டில் இருந்தாள். ஆனால் அவருடைய அம்மா அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்ததும் இவள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதே அம்மாவைத்தான் பிற்பாடு விஸ்லர் நாற்காலியில் உட்காரவைத்து உலகப் புகழ்பெற்ற படமாக வரைந்தார். வெளியே அனுப்பப்பட்ட பிறகும் ஜோ அவருக்கு மாதிரியாக இருந்தாள். 1866இல் அவர் தென் அமெரிக்காவில் உள்ள வல்பரைசோவுக்குக் கப்பல் ஏறியபோது தன் காரியங்களைக் கவனிக்கும் அதிகாரத்தை எழுத்தில் ஜோவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பின்னாளில் விஸ்லருக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த மகனைத் தன் தங்கையோடு சேர்ந்து வளர்த்தவளும் ஜோதான். 1886இல் இறந்தாள். வெறும் 'காதலி' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. கணக்குப் பார்த்தவள், படம் விற்றவள், பிள்ளை வளர்த்தவள். 2022இல் லண்டனிலும் வாஷிங்டனிலும் இவளை மையமாக வைத்தே ஒரு பெரிய கண்காட்சி நடத்தினார்கள். இவ்வளவு காலம் கழித்தாவது நடத்தினார்களே.

கூர்பே அவளை வரையத் தொடங்கியது 1865இல், நார்மண்டி கடற்கரையில் உள்ள த்ரூவிலில். விஸ்லரும் ஜோவும் அங்கே வந்திருந்தார்கள். அபாரமான செங்கூந்தல்காரி ஒருத்தியின் படத்தைத் தொடங்கியிருப்பதாகக் கூர்பே வீட்டுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கூர்பேவுக்கும் ஜோவுக்கும் காதல் இருந்ததா என்று கேட்டால், பேச்சு உண்டு, உறுதியான சான்று கிடையாது. வகுப்பில் அதற்கு மேல் சொல்லாதே.

ஒன்றை வரைந்தவர், சிறுசிறு மாற்றங்களோடு இன்னும் மூன்று முறை வரைந்தார். இன்று ஒன்று ஸ்டாக்ஹோமில், ஒன்று நியூயார்க்கில், ஒன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில், ஒன்று தனியார் கையில். ஏன் என்றால், படத்தைப் பலர் விரும்பினார்கள், விற்கவும் முடிந்தது. கூர்பே கணக்குத் தெரிந்த மனிதர். ஆனால் ஒன்றை மட்டும் அவர் விற்கவில்லை. 1871இல் பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி ஆட்சி வீழ்ந்த பிறகு, அதன் காலத்தில் நெப்போலியனின் வெற்றிச் சின்னமான வாந்தோம் தூண் இடிக்கப்பட்டதற்கு அவரைப் பொறுப்பாக்கிச் சிறையில் போட்டார்கள், பின்னர் தூணைத் திரும்ப நிறுத்தும் செலவையும் அவர் தலையில் கட்டினார்கள். 1873இல் சுவிட்சர்லாந்துக்கு ஓடினார். அங்கிருந்து 1877இல் விஸ்லருக்கு எழுதிய கடிதத்தில், த்ரூவிலில் ஜோ தங்களைச் சிரிக்கவைக்கக் கோமாளித்தனம் செய்ததை நினைவுகூர்ந்து, அவள் படம் இன்னும் தன்னிடமே இருக்கிறது, விற்க மாட்டேன், பார்ப்பவர்கள் எல்லாரும் வியக்கிறார்கள் என்று எழுதினார். அந்த ஆண்டின் கடைசி நாளில் இறந்தார். கடன் கழுத்தை நெரித்தபோதும் கையில் வைத்திருந்த படம் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோமாளித்தனம் செய்த பெண் என்பதையும் கவனி. கலகலப்பான பெண்ணிடமிருந்து அவர் எடுத்தது அந்த அமைதியான ஒரு கணத்தை.

பதில்: கோபி, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்

விஸ்லரின் கண்ணாடியையும் கூர்பேயின் கண்ணாடியையும் பக்கத்தில் வைத்து நான் யோசித்ததில்லை. இரண்டையும் எடுத்து இன்று பார்த்தேன். திருப்பூர் அம்மா சொல்வதில் வலு இருக்கிறது. மோகம் இருக்கிறது என்ற என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. இரண்டும் ஒரே படத்தில் இருக்க இடம் உண்டு என்று மாணவி சொல்லட்டும், அதை மறைக்க வேண்டாம். வரைவதற்கு ஒரு குறிப்பு: வெள்ளைத் தாளில் தொடங்காதீர்கள். தாள் முழுவதும் கரும்பழுப்பைப் பூசி, நன்கு காய்ந்த பிறகு வெளிச்சமான இடங்களை மட்டும் ஏற்றுங்கள். ஒவ்வோர் இழையாகக் கோடு போட்டால் விளக்குமாறுபோல் ஆகிவிடும். முதலில் பெரிய மடிப்புகள், கடைசியில் நான்கைந்து இழைகள் போதும்.

பதில்: திருப்பூர், சாயப்பட்டறை ஆய்வகம்

ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள் கண்ணு. ஆரஞ்சு டியூபைத் தொடாதே. மஞ்சள் காவி, செங்காவி, துளி நீலம். கலந்ததைத் தாளில் தடவி, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில், வாசலுக்கு எடுத்து வந்து பார். அறையில் டியூப் லைட்டுக்கு அடியில் சரியாகத் தெரியும் பழுப்பு வெயிலில் பச்சையடிக்கலாம், எங்களுக்குத் தினமும் நடப்பது அது.

கைப்பேசிப் படத்தை நம்பி நிறம் கலக்காதே. திரைக்குத் திரை மாறும். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள காப்புரிமை இல்லாத படங்களை 2017 முதல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. ஜோவும் அதில் உண்டு, பெரிய அளவிலேயே கிடைக்கும். அதை எடுத்துக் கல்லூரிக் கணினியில் பெரிதாக்கி, விரல்கள் முடிக்குள் நுழையும் இடத்தை மட்டும் பார். அந்த இடத்தை வரை. வகுப்பு என்று நடக்கிறது என்று இங்கே எழுது, என்ன கேட்டார்கள் என்பதையும் எழுது.